கை நனைக்காத சம்பந்தி

இலையில் முதலில் விழுந்தது உப்பு இல்லை, பஞ்சு.

சூலூரில் சம்பந்தி வீட்டுத் தறிக் குடோனில்தான் பந்தி. தறிகளை இன்றைக்கு நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஃபேனைப் போட்டதும் மேலே ஒட்டியிருந்த பஞ்செல்லாம் இறங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் இலையைத் தட்டிக்கொண்டார்கள். காளிச்சாமி தட்டவில்லை.

உண்ணப்போகிறவனுக்குத்தானே இலை சுத்தமாக இருக்க வேண்டும்? அவர் உண்ண வரவில்லை. எழுந்திருக்க வந்திருந்தார்.

நாலு வருசத்துக்கு முந்தி மகள் லோகப்பிரியாவுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. மாமியார்க்காரி சாந்தாமணி காரமடையில் இவர் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். இவர் சம்சாரம் தெய்வாத்தாள் ஓடி ஓடிக் காப்பி கலந்து கொண்டுவந்து நீட்டினாள்.

“பொட்டப்புள்ளை பொறந்த ஊட்டுல என்னத்தக் கை நனைக்கறது?” என்றாள் சாந்தாமணி. டம்ளரைத் தொடாமலே போய்விட்டாள்.

அன்றைக்கே காளிச்சாமி சொல்லிவிட்டார். அவள் வீட்டில் பச்சைத்தண்ணியில்கூடக் கை நனைக்க மாட்டேன். அதையும் நாலு பேர் பார்க்கச் செய்வேன்.

அந்த நாலு பேர் இன்றைக்குத்தான் கூடியிருந்தார்கள். இரண்டாவதாகப் பிறந்த மிதுனுக்கு முதல் வருசப் பிறந்தநாள். பையன் அல்லவா! ரோட்டு முக்கிலிருந்தே ஃப்ளெக்ஸ். ரெண்டு கெடாய் வெட்டு. மூத்தது வர்ஷினிக்கு முதல் வருசம் ஒரு பஞ்சுமிட்டாய்கூட வாங்கிக் கொடுக்காத கூட்டம்.

காலையில் தெய்வாத்தாள் இட்டிலியைத் தட்டில் போட்டாள்.

“தின்னுபோட்டுப் போங்க. அங்க கறி வாசத்துக்கு நாக்கு தொங்கிறப் போகுது.”

அவர் தொடவில்லை. வயிறு ரொம்பியவன் இலையை விட்டு எழுந்தால் அதில் என்ன ரோஷம்? பசியோடு எழ வேண்டும். வாசலோடு திரும்பினால் கிழவனுக்கு ஏதோ அவசரம் என்று மறந்துவிடுவார்கள். சோறும் கறியும் விழுந்த பிறகு, முதல் பந்தியில், நடு இலையிலிருந்து எழ வேண்டும். அந்தப் பேச்சு எழவு வீட்டில்கூட ஓடும்.

சோறு வந்தது. கறி வந்தது. வாசம் குடலைப் பிடித்து இழுத்தது. இன்னும் ரசம் வரட்டும் என்று இருந்தார்.

“அப்புச்சி, நானுங்!” என்று வர்ஷினி ஓடிவந்து பக்கத்து இலையில் சம்மணம் போட்டது. இலையில் இருந்த ஜிலேபியைக் கையில் எடுத்தது.

சாந்தாமணி வந்துவிட்டாள். கையில் அவள் தம்பி பேரன். வர்ஷினி வயசுதான் அவனுக்கும்.

“ஏ புள்ளை, எந்திரி. பையன் பசி தாங்க மாட்டான். நீ அப்பறமா உண்ணுக்கலாம்.”

ஜிலேபியை எடுத்துக்கொண்டு போகலாமா என்று குழந்தை பாட்டியின் முகத்தைப் பார்த்தது. பிறகு அதையும் இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனது.

அழவில்லை. முரண்டு பிடிக்கவில்லை. அதுதான் காளிச்சாமிக்குச் சுருக்கென்றது. புதுசாய் எழுப்பப்பட்ட குழந்தை அழும். இது பழகிய குழந்தை.

மாப்பிள்ளை கிருபாசங்கர் நாலடி தள்ளி நின்று ஃபோட்டோக்காரனோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் இது படவே இல்லை. பட்டிருந்தாலும் அதே சிரிப்புத்தான் இருந்திருக்கும்.

இப்போது எழுந்துவிடலாம். ஆனால் கால் எழவில்லை. அவர் எழுந்து, துண்டை உதறிப் போட்டு, காரமடை பஸ் ஏறிவிடுவார். மகள் எங்கே போவாள்? ராத்திரிக்கு இதே வீட்டில்தான் படுக்க வேண்டும். இவர் கை நனைக்காததற்கு அவளல்லவா நித்தமும் நனைய வேண்டும், கண்ணீரில்!

நாலு வருச வன்மத்தைத் தொண்டைக்குள் தள்ளினார். பெண்ணைப் பெற்றவனுக்கு ரோஷம் எதற்கு? சோற்றை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

ரச வாளியோடு லோகப்பிரியா எதிரில் வந்து நின்றாள். இடுப்பில் மிதுன், பட்டு வேட்டியோடு. நெற்றியில் இத்தனூண்டு வேர்வைகூட இல்லை. குனிந்து ஊற்றுவது போல வாளியைச் சாய்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

“கை வெச்சராதீங்கப்பா.”

அவர் நிமிர்ந்தார்.

“வர்ஷினி ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டா. துணியெல்லாம் நேத்தே கட்டிப்போட்டேன். தம்பியைத் தோள்ல போட்டுட்டு நீங்க முன்னால நடங்க. கோவிச்சுக்கிட்டுப் போறாப்பல நடங்க. நான் பின்னால சமாதானம் பண்ணறாப்பல வாரேன்.”

காளிச்சாமி எழுந்தார். நடு இலையில் சோறும் கறியும் ஆவி பறந்தபடி அப்படியே கிடந்தன.

சம்பந்தி அப்புசாமி பதறிக்கொண்டு வந்தார். “ஏனுங்க சம்பந்தி, என்ன கொறைங்க? இலையை உட்டுப்போட்டு எந்திரிக்கலாமுங்களா?”

காளிச்சாமி வாசலைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே “அப்பா, நில்லுங்கப்பா” என்று லோகப்பிரியா ஓடினாள்.

பந்தியே கை படாத அந்த இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சாந்தாமணியும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிழவன் தோளில் போட்டுக்கொண்டு போனது யாரை என்று அவளுக்கு உறைத்தபோது, ஆட்டோ சிங்காநல்லூர் ரோட்டில் ஏறியிருந்தது.