இன்னும் ஒரு அகப்பைச் சோறு

"மச்சாள், இண்டைக்கு எவ்வளவு?"

மூடிய கதவைப் பார்த்துத்தான் கேட்டேன். பதில் வரவில்லை.

ஒன்பது நாளாகக் காலையும் மாலையும் கேட்கிற கேள்வி. உள்ளேயிருந்து யோகராணி மச்சாள், என் கணவரின் அக்கா, தெர்மாமீட்டரைப் பார்த்து முப்பத்தாறு தசம் ஆறு, முப்பத்தாறு தசம் எட்டு என்று சட்டென்று சொல்லிவிடுவார். இன்று பத்தாம் நாள். பத்து நாள் காய்ச்சல் இல்லாமல் போனால் சார்ஸ் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பின்னேரம் கதவைத் திறந்து, நாலு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. அதற்காகவே நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன்.

மச்சாள் சிங்கப்பூரிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்திறங்கியது 2003 சித்திரையில். அங்கே ஆட்கள் சாகிறார்கள், பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டார்கள், வேலைக்குப் போகிற சனம் நாளுக்கு இரண்டு தரம் சூடு பார்க்கிறது. அவருடைய கணவருக்கு அங்கே தேக்காச் சந்தைப் பக்கம் சாப்பாட்டுக் கடை. ஆள் வரத்து இல்லாமல் கடை படுத்துவிட்டது. இந்த நேரத்திலாவது தம்பியைப் பார்ப்போம் என்று மச்சாள் டிக்கெட் எடுத்துவிட்டார். பத்தொன்பது வருசம் காணாத தம்பி.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வேறு காலமே கிடைக்கவில்லையா? நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். வீட்டில் நாலு வயது மகள் யதுர்ஷா.

விமான நிலையத்தில் இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அக்காவிடம் ஓடினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மச்சாள் அதைக் கண்டு தானாகவே இரண்டடி தள்ளி நின்றார். அப்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடித்த சட்டையை விடவில்லை.

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் வீட்டில் இரண்டே படுக்கையறை. யதுர்ஷாவின் அறையை மச்சாளுக்குக் கொடுத்தோம். பிள்ளை எங்களுக்கு நடுவில், அப்பாவின் கையில் தலை வைத்துத் தூங்கினாள். மச்சாள் குளியலறைக்குப் போய்வந்தால் நான் பின்னாலேயே குளோரினோடு போவேன். மூன்றரைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கதவடியில் வைத்துத் தட்டிவிட்டு, யதுர்ஷாவை பார்னஹாகன் என்கிற பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓடுவேன். அந்த நேரத்தில்தான் இவர் வேலையால் வந்து சேருவார்.

"மலர், இன்னும் ஒரு அகப்பைச் சோறு போடும்."

மச்சாள் நாள் தவறாமல் கேட்டார். அறைக்குள் சும்மா இருக்கிற மனுசிக்கு இவ்வளவு பசியா என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். இவரோ இரவுச் சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவார். அக்காவை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

"மச்சாள்!"

இம்முறை பலமாகத் தட்டினேன். உள்ளே இருமல் கேட்டது. பிறகு மெலிந்த குரல்.

"முப்பத்தெட்டு தசம் நாலு, மலர்."

இவர் வேலையில், பிள்ளை பார்னஹாகனில். ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்த அவசர மருத்துவ எண்ணை அடித்தேன். இரண்டு தரம் எண் பிழைத்தது.

போனை எடுத்த பெண் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த ஊரிலிருந்து? எத்தனை நாள்? மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறாரா? பிறகு, அவருக்குக் கிட்டப் போனவர்கள், அவரோடு இருந்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்?

"ஒருவரும் இல்லை," என்றேன். அந்தப் பயத்திலும் எனக்கு ஒரு பெருமை. பத்து நாள் கல்நெஞ்சுக்காரி என்று பேர் எடுத்தாலும் என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன்.

"மிகவும் நல்லது. கொஞ்சம் பொறுங்கள்," என்று அவள் எதையோ எழுதத் தொடங்கினாள்.

அப்போதுதான் கதவடியில் தட்டைக் கண்டேன். நேற்று மாலை வெளியே வந்திருக்க வேண்டிய தட்டு, நாங்கள் படுத்த பிறகுதான் வந்திருக்கிறது.

நேற்று அதில் வைத்தது முருங்கைக்காய்க் கறி. மச்சாள் சிங்கப்பூர்த் தமிழ்ப் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் கொண்டுவந்த முருங்கைக்காய். பேப்பரில் சார்ஸ் கணக்கு கொட்டை எழுத்தில் இருந்தது. தொடப் பயந்து எட்டு நாள் பால்கனிக் குளிரிலேயே போட்டு வைத்திருந்தேன். வாடிப்போகிறதே என்று நேற்று மஞ்சள் தண்ணீரில் மூன்று தரம் கழுவிச் சமைத்து, கொண்டுவந்தவரே சாப்பிடட்டும் என்று முழுவதையும் அவர் தட்டிலேயே போட்டேன். எங்கள் மேசைக்கு ஒரு துண்டும் வரவில்லை.

தட்டில் சக்கை காய்ந்து கிடந்தது.

இந்தக் கரையில் சப்பித் துப்பிய ஒரு குவியல். எதிர்க்கரையில் இன்னொன்று. அது குவியல்கூட இல்லை. சப்பிய துண்டுகளைத் தீக்குச்சி அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கியிருந்தது.

அப்படி அடுக்கி வைக்கிறவரின் தட்டைத்தான் நான் பதினொரு வருசமாகக் கழுவுகிறேன்.

நேற்று இரவும் யதுர்ஷா அவர் கையில்தான் தூங்கினாள். அவளுக்கு மறுபக்கம் நான்.

நான் தட்டைத் தூக்கிய சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். மச்சாள் அழுதார்.

"அவனை ஏசாதையும் மலர். நான் தனிய இருந்து சாப்பிடுறதைப் பாக்க ஏலாது எண்டவன்."

காதில் அந்தப் பெண் மறுபடி கேட்டாள். "ஹலோ? இருக்கிறீர்களா? ஒருவரும் இல்லை என்றுதானே சொன்னீர்கள்?"

"பிழையாகச் சொல்லிவிட்டேன்," என்றேன். "மூன்று பேர்."