காரம் கழுவிய மீன்

அமலதாசனின் குடல் புண்ணுக்குக் காரணம் அப்பா வழியில் வந்த ஒரு மரபணு. காரம் பட்டால் ரத்தமாகப் போகும். கல்யாணமானதிலிருந்து தூத்துக்குடியில் அவர்கள் வீட்டில் குழைந்த சோறும் பருப்புத் தண்ணீரும்தான்.

போன மாதம் அந்த மரபணுவைத் திருத்திவிட்டார்கள். இனி எதையும் சாப்பிடலாம் என்றார் டாக்டர்.

ஞாயிறு மதியம் அவன் மனைவி பிரிசில்லா மிளகாய் அரைத்துச் சீலா மீன் குழம்பு வைத்தாள். முதல் கவளத்தை விழுங்கிவிட்டு, வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. சிரித்தான்.

“நீயும் உக்காரு.”

ஒரு வாய் வைத்ததுமே அவளுக்குப் புரையேறியது. கண்ணும் மூக்கும் ஒழுகின.

“உனக்கு என்ன? நீ உங்கம்மா வீட்டுல போய்க் காரமா சாப்பிடுவேன்னுல்ல நெனச்சேன்.”

“உங்கள விட்டுட்டு எப்படிங்க சாப்பிட? எங்கயும் சாப்பிடல. இப்ப நாக்கு தாங்க மாட்டேங்குது.”

அவன் எழுந்துபோய் வெந்நீர் கொண்டு வந்தான். குழம்பிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து, மசாலா போகக் கழுவி, முள் நீக்கி, அவள் சோற்றின் மேல் வைத்தான்.

“இன்னைக்கு இத சாப்பிடு. அடுத்த தடவ கொஞ்சம் கம்மியா கழுவுறேன்.”