நீல விளக்கில் ஒளிரும் துணி

நொய்யல் ஆற்றங்கரையில் சாயத்தண்ணீரைக் குடித்தே வாழ்வதற்காக எனக்கும் என் மனைவி தாரணிக்கும் கெளுத்தி மீனின் ஈரல் குணத்தை உடம்பில் ஏற்றியிருந்தார்கள். உள்ளே போகும் நஞ்சை ஈரல் உடைத்துவிடும். உடைந்தது சிறுநீரில் வெளியேறி, நீல விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். பெற்றோரிடமிருந்து அந்தக் குணம் இறங்காமல், ஒளி வராத குழந்தைகள் இங்கே பிழைக்கமாட்டார்கள் என்று மலைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் மகள் பிறந்த அன்று, செவிலியர் சகுந்தலா அறையை இருட்டாக்கி, அவள் நனைத்த முதல் துணியை விளக்கில் காட்டினார். ஒளியே இல்லை.

"எம்புள்ளையக் குடுக்கமாட்டனுங்க்கா," என்று தாரணி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"இப்ப ஆரு கேட்டாங்க? இன்னும் ஒண்ணுமே குடிக்கல, எதை அம்மிணி உடைப்பா? மொதல்ல பால் குடு."

தாயின் ஈரல் எவ்வளவு உடைத்தாலும் தாய்ப்பாலில் கொஞ்சம் சாயம் தங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். தாரணி கண்களை மூடிக்கொண்டு கொடுத்தாள்.

மாலையில் சகுந்தலா அடுத்த துணியை விளக்கின் கீழ் விரித்தார். இளம்பச்சை ஒளி எங்கள் மூவர் முகத்திலும் படிந்தது. எனக்குக் கும்பிடத் தோன்றியது.

அத்தனை வேலையையும் செய்துவிட்டு, மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.