சொல் கேட்கும் வண்டி

தனியாகப் பறக்கும் தேர்வில் பூங்கோதை இரண்டு முறை தோற்றிருந்தாள். கைரோகாப்டர் என்ற அந்தக் குட்டி விமானம், ஓட்டுபவரின் பேச்சைக் கேட்டு நடக்கிற வண்டி. கிளம்பும்போது அவள், வேலியோரம் நிற்கும் அம்மாவிடம் பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேம்மா" என்பாள். வண்டியும் ஓடுதளத்தின் கோடிவரை போய், மேலே எழும்பாமல், சமர்த்தாகத் திரும்பி வந்து நிற்கும்.

மூன்றாம் முறை பயிற்சியாளர் சலித்துக்கொண்டார். "போறேன்னு மட்டும் சொல்லும்மா."

பூங்கோதைக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் அப்பா ஒருவர்தான். அவர் திரும்பவில்லை.

அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ போறேன்னே சொல்லுடி. வர்றத நான் சொல்லிக்கிறேன்."