இருநூறாவது ஆட்டம்

சீசன் மலரில் எந்தெந்த வீரர்களின் சாதனைகளைச் சேர்ப்பது என்று ஹாக்கி அணியின் மேலாளரும், ஆட்டக் கணக்கு வைக்கும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய தம்பி அதே அணியில் இடது ஓரத்தில் ஆடியவன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆட்டங்கள் ஆடிவிட்டு, சீசன் நடுவில் விபத்தில் இறந்துபோனான்.

"இருநூறுன்னா போட்டிருக்கலாம்மா. ஒண்ணு குறையுதே," என்றார் மேலாளர்.

அவள் தலையாட்டினாள்.

அடுத்தது கேப்டனின் நூறாவது கோல். சீசனின் கடைசி ஆட்டத்தில் அடித்தது. சரிபார்க்க வீடியோவை ஓடவிட்டார்கள். இடது ஓரத்தில் ஆளே இல்லை. பந்து அங்கிருந்துதான் கேப்டனின் மட்டைக்கு வந்தது.

மேலாளர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேப்டனைக் கூப்பிட்டார். "அந்தப் பந்தை யாருப்பா குடுத்தது?"

"அவன்தான் சார், எப்பவும் போல. அவங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க. தாங்கமாட்டாங்க."

மேலாளர் போனை வைத்தார். "இருநூறுன்னே போட்டுடும்மா. பாவம், அதுக்குத்தான் வந்திருக்கான்."

"வேணாம் சார். போட்டா நிம்மதியாப் போயிடுவான்."

பட்டியலிலிருந்து தம்பியின் பெயரை அழித்துவிட்டு, அடுத்த சீசன் எப்போது தொடங்குகிறது என்று கேட்டாள்.