முன்னூற்றொன்று

சுரண்டியை வைத்து ஒரு திருகு திருக இருந்தவன், கோதின் அடியிலிருந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டான்.

கை நின்றது.

இது கிளப்பில் பொறுக்கிய கோது இல்லை.

அண்ணனைச் சுட்ட துப்பாக்கி ரவையின் கோது.

ஸ்காபரோவில் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அவன் பார்க்கிற வேலை இதுதான். கைத்துப்பாக்கி கிளப்பில் சுட்டு விழும் வெற்றுக் கோதுகளை அள்ளி வருவான். மறுபடி சுடுவதற்கு அவற்றை ஆயத்தம் செய்வான்.

முதலில் கோதின் அடியிலிருக்கும் பழைய பிரைமரை, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, தள்ளி வெளியே எடுக்க வேண்டும். பொட்டு அளவுதான் இருக்கும். துப்பாக்கியின் ஊசி வந்து குத்துவது அதில்தான். பட்டாளத்துக் கோது என்றால், பிரைமர் கழன்று விடாதபடி சுற்றிவர ஒரு வளையமாக நெரித்து வைத்திருப்பார்கள். பிரைமர் போனாலும் வளையம் போகாது. அதைச் சுரண்டி எடுத்தால்தான் இன்னொன்று உள்ளே போகும்.

எல்லாம் கை பழகின வேலை. மூளை தேவையில்லை.

அதுதான் வினையாய்ப் போயிற்று.

காலையில் அவன்தான் அண்ணனின் கோது இருந்த பழைய பவுடர் டின்னை அலமாரியிலிருந்து இறக்கினான். அண்ணி கேட்டிருந்தாள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணனின் வழக்கை எடுக்கப் போகிறார்களாம். லோயர் அந்தக் கோதை அனுப்பச் சொல்கிறாராம். அண்ணன் விழுந்த வீட்டுக் கேற்றடியில் அண்ணி பொறுக்கியது. வீட்டுச் சோதனைக்குப் பயந்து, கனடாவுக்கு வெளிக்கிட்ட இவனிடம் கொடுத்துவிட்டாள்.

ஒருக்கால் பார்ப்போம் என்று டின்னைத் திறந்தான். பார்த்தான். மேசையில் இருந்த தட்டில் வைத்துவிட்டு, முகம் கழுவ உள்ளே போனான்.

திரும்பி வந்து, கிளப்பில் எடுத்த முன்னூறு கோதுகளையும் அதே தட்டில் கொட்டினான். மடையன்.

கோதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிரைமர்தான் மற்றவற்றோடு சேர்ந்து தள்ளுப்பட்டுப் போய்விட்டது. ஊசி குத்திய தழும்பு அதில் இருந்தது. எந்தத் துப்பாக்கி என்று சொல்லக்கூடிய தழும்பு. அண்ணி அதைச் சுட்டவனின் கையெழுத்து என்பாள். "அவன்ர கையெழுத்து, தம்பி."

மேசைக்குக் கீழே ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் முன்னூற்றொரு பழைய பிரைமர்கள்.

வெள்ளைத் தாளில் கொட்டினான். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினான். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு குழி. எல்லாம் ஒரே மங்கல்.

இன்னொரு தரம் புரட்டினான்.

அழுகை வந்தது. அண்ணனின் சவத்துக்கு முன்னால் நின்றபோதுகூட இப்படி வரவில்லை.

ஒன்றை எடுத்தான். எதுவென்று பார்க்கவில்லை. கோதின் ஓட்டையில் வைத்து அழுத்தினான்.

போகவில்லை.

எழுந்து நின்று அழுத்தினான். வளையம் விடவில்லை. பத்தொன்பது வருடம் ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தது. வேறொன்றுக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்றது.

சுரண்டி பக்கத்திலேயே கிடந்தது. ஒரு திருகு போதும். பிறகு எதை வைத்தாலும் போய் உட்கார்ந்துவிடும். அண்ணிக்குத் தெரியவா போகிறது?

சுரண்டியை எடுத்தான்.

கைபேசி அடித்தது. அண்ணி.

"தம்பி, அதை எடுத்து வச்சிட்டியளோ?"

சுரண்டி மற்றக் கையில் இருந்தது.

"இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அவற்ர படத்தைக்கூடத் துலைச்சுப்போட்டன். அது ஒண்டுதான் உங்களிட்டக் குடுத்தபடியால் தப்பினது."

கராஜ் வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தாளில் முன்னூற்றொன்றும் பரவிக் கிடந்தன.

"அண்ணி," என்றான்.

சுரண்டியைக் கீழே வைத்தான்.

"சொல்லுங்கோ தம்பி," என்றாள் அவள்.