ஆளில்லாத அறை

நடு அறைக்கு ஜன்னல் கிடையாது, நண்பகலிலும் விளக்கு வேண்டும். "ஆளில்லாத ரூம்ல எதுக்கு லைட்டு?" என்று வாழ்நாள் முழுக்கச் சத்தம் போட்ட வைகுண்டம்தான், அசைவு தெரிந்தால் எரிந்து, தெரியாவிட்டால் தானே அணைந்துவிடும், போனோடு இணைத்த விளக்கை மகனை நச்சரித்து வாங்கிப் போட்டார். பழைய கறுப்பு சுவிட்சுகளைப் பிடுங்கி, குழிகளில் அவரே சிமெண்ட் பூசினார். அடுத்த மாதமே பக்கவாதம் வந்து அந்த அறையில் படுத்துவிட்டார். இப்போது அவருக்குக் கண்கள் மட்டும்தான் அசைகின்றன. விளக்குக்கு அது போதவில்லை. சுவரில் பல்லி ஓடினால் எரிகிறது. அணையும்போதெல்லாம் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். மனைவி அமிர்தவல்லி அடுப்படியிலிருந்து ஓடிவந்து கையை ஆட்டுவாள். எலக்ட்ரீஷியனோ, "பழைய வயரும்மா, தொட்டா மொத்தமும் போயிரும்" என்று கைகழுவிவிட்டார். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டாள். "அணையாம எரியிற மாதிரி மாத்திக் குடுடா."

"மாத்தணும்னா அப்பா போட்ட பாஸ்வேர்டு வேணும்மா. என் போன்ல பார்க்க மட்டுந்தான் முடியும்." போனில் பார்த்துவிட்டு, "இப்போ அந்த ரூம்ல ஆளே இல்லன்னு காட்டுது" என்றான்.

"அப்பா இருக்காருடா."

"தெரியும்மா."

மார்கழிக் குளிர். கணவருக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் வீசத் தொடங்கினாள். விளக்கு எரிந்தது. அவர் கண்கள் விசிறியோடு போய்வந்தன. வெகுநேரம் கழித்துக் கை ஓய்ந்தது, விளக்கு அணைந்தது. அந்தத் தொண்டைச் சத்தத்துக்காக அவள் இருட்டில் அசையாமல் காத்திருந்தாள்.